கழற்றிப் போட்ட வால்வு

மெக்கானிக் யூசுப் தகர டப்பாவைத் தரையில் கவிழ்த்து, பழைய திருகுகளையும் நட்டுகளையும் இரண்டு கைகளாலும் துழாவிக்கொண்டிருந்தார். காரின் சொந்தக்காரர் தணிகாசலம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்தினார்.

"கெடைக்கணும் பாய். இன்னிக்கே மாட்டணும்."

"நாப்பது வருஷத்து வண்டி சார். ஊரே இந்த வால்வைக் கழட்டித் தூரப் போடுது. போன வருஷம் வண்டி மேடு ஏறலைன்னு கழட்டச் சொன்னதே நீங்கதான்."

"அது எதுக்கு இருக்குன்னு அப்ப நான் கேக்கலையே."

"பிளக்ல பொறி விழுறதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். வண்டி சோம்பும். ஆனா புகையில விஷம் கம்மி."

அகப்பட்டுவிட்டது. கட்டைவிரல் அளவுக்கு, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் வால்வு. யூசுப் ஊதிப் பார்த்தார். ஒரு பக்கம் காற்று தாராளமாகப் போனது. மறுபக்கம் முக்கி முனகித்தான் போனது. அதன் இடத்தில் தானே செருகியிருந்த செம்புக் குழாய்த் துண்டைப் பிடுங்கிவிட்டு, வால்வை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

தணிகாசலம் பின்பக்கம் ஓடினார். வெள்ளை வேட்டி ஆயில் தரையில் புரள மண்டியிட்டு, புகைக்குழாயில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார்.

"என்ன சார் இது, எழுந்திருங்க."

"வீட்ல கார் ஷெட்டுக்கு நேர் மேலதான் பாய் எம் பொண்ணு ரூமு. காலைல வண்டிய எடுத்தாலே இருமுவா."

"இனிமே இருக்காது சார். பாப்பா இப்ப எப்படி இருக்கு?"

தணிகாசலம் முகத்தை எடுக்கவில்லை.

"நேத்துதான் பாய், பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது."