மூன்றாவது கிண்ணம்

தோள் தசையில் அபூர்வக் கட்டியோடு ஸ்டாவ்ருலா தயாராகப் படுத்திருந்தாள். கட்டிக்குள் ஊசி செருகி உறையவைக்கும் திரவ நைட்ரஜன் டேங்கோ காலி!

“என் பிள்ளைய நானே எப்ப டாக்டர் தூக்குவேன்?”

டாக்டர் எவ்தீமியா மருத்துவமனை இயக்குநர் அறைக்குள் பாய்ந்தாள்.

“நோயாளிக்கு வச்சிருந்தத எவன் சார் எடுத்தான்?”

“கத்தாதீங்க டாக்டர். நான்தான் குடுத்தேன். நேத்து உங்க பிரிவோட திறப்பு விழா. மந்திரி வர்ற நேரத்துல ஐஸ்கிரீம் உறையலன்னு சமையல்காரன் கையப் பிசைஞ்சான்.”

“த்தூ! அதப் போய்த் தின்னவங்க மனுஷங்களா?”

இயக்குநர் சிரித்தார்.

“பிரமாதம்னு மூணாவது கிண்ணம் கேட்டு வாங்கினது நீங்கதானே?”

எவ்தீமியா வாயைப் பொத்திக்கொண்டு குப்பைத்தொட்டியைத் தேடினாள்.