கிண்ணத்தில் ஏழு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எட்டு வருஷமாக வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பிள்ளையைப் போல வளர்த்த உயிருள்ள பச்சைப் பவளத்தில் புழு விழுந்துவிட்டது. பொல்லாத புழு. எதைத் தின்கிறதோ அதன் நிறத்துக்கே மாறிவிடும், கண்ணில் படாது. பவளத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து மருந்துத் தண்ணீரில் முக்கினால்தான் உதிரும்.

முதல் ஞாயிறு வெள்ளைக் கிண்ணத்தில் முக்கினார். பச்சையாக ஏழு உதிர்ந்தன. அடுத்த ஞாயிறும் ஏழு. மருந்தை இரட்டிப்பாக்கினார், அப்போதும் ஏழேதான்.

"போதும், விட்டுடுங்க. புழுவுக்கு முன்னாடி பவளம் செத்துடும்," என்றாள் மனைவி. ஒரு கிளை ஏற்கெனவே வெளுத்திருந்தது.

தொட்டி வந்த நாளிலிருந்தே அவளுக்கு அதைக் கண்டால் ஆகாது. அவருக்குச் சந்தேகம் தட்டியது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவைத்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் டேப் ஒட்டினபடி இருந்தது. கிண்ணத்தில் ஏழு.

"டேப்பைப் பிரிச்சு மறுபடி ஒட்டிட்டு, நீதானே கொண்டுவந்து போடுற?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க!"

கிண்ணத்தைக் கழுவிப் புது மருந்து கலந்து, அவள் தன் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை முக்கினாள். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றாள். ஒன்றும் உதிரவில்லை.

"இப்ப உங்க கையை வைங்க."

அவர் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டு முக்கினார். அவள் வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள், ஏழில் நிறுத்தினாள்.

அவை பச்சையாக இல்லை. ஏழும் அவரைப் போலவே மாநிறமாக இருந்தன.