கட்டை போடுகிறவரின் முகம்

தேர் வடக்கு ரதவீதிக்குள் திரும்பியதும் மாரிக்கனிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கேமராவைத் தூக்குகிறாள். இறக்குகிறாள். எக்கி எக்கிப் பார்க்கிறாள். வெயிலுக்கு என்று சொல்லித் துப்பட்டாவால் தலையையும் பாதி முகத்தையும் சுற்றியிருந்தாள். அது வேறு அவிழ்ந்து அவிழ்ந்து விழுகிறது.

"கோவிந்தா! கோபாலா!"

வடத்தில் எத்தனை கை! ஊரே சேர்ந்து இழுக்கிறது.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். மேலே ஆண்டாள். கீழே, சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர். இரண்டு முகமும் ஒரே படத்தில் வரவேண்டும்.

அம்மாம்பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டைதான், பாருங்கள். ஓடுகிற சக்கரத்தின் அடியில், சரியான நொடியில், அதைச் செருக வேண்டும். ஒரு நொடி பிந்தினால் தேர் கடைக்குள் போய்விடும். கைகூடப் போய்விடும்.

அதனால் அந்த மனுசர் தலையைத் தூக்குவதே இல்லை. மேலே சாமி இருக்கிறதா, எதிரே ஆள் இருக்கிறதா, ஒன்றும் பார்ப்பதில்லை. கண் சக்கரத்தில்.

முப்பத்தெட்டு படம் எடுத்துவிட்டாள். முப்பத்தெட்டிலும் சிவப்புத் துண்டு கட்டிய உச்சந்தலைதான்.

மூன்று நாளாக ஊர் ஊராகப் பயணம். வீட்டுக்காரன் மெல்வின் பைக் ஓட்ட, இவள் பின்னால் உட்கார்ந்துகொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தாள். கோபுர நிழலில் குறட்டை விட்ட பூக்காரி. கோயில் யானைக்குக் குடை பிடித்த போலீஸ்காரர். இன்று காலையில்கூட ராஜபாளையத்தில், வெள்ளை வெளேரென்று காயப்போட்டிருந்த பேண்டேஜ் துணிகளுக்கு நடுவில் ஒரு பெரியவர், "ஒக போட்டோ தீயம்மா" என்று தெலுங்கில் படம் எடுக்கச் சொல்லி, தான் நிற்காமல் தன் நாயை முன்னால் தள்ளிவிட்டார். நாய் என்னமாய் நின்றது!

வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் கட்டின நாலு வருசத்தில் எத்தனையோ தடவை ராஜபாளையம் வரை வந்திருக்கிறார்கள். அடுத்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையாமல் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

இன்றைக்கு டீக்கடையில் நின்றபடி அவள்தான் சொன்னாள்: "ஆடிப்பூரம்லா, ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருவோம்."

மெல்வின் டீயைக் கீழே வைத்துவிட்டு "நெசமாவா?" என்றான். பொறவு வண்டியை எடுத்தான்.

வந்தவன் வீதி முனையிலேயே நின்றுகொண்டான். ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

"தேர் பாக்க வந்த ஆளு மாதிரியா இருக்கு? கழட்டுங்களேன்."

"எனக்கு என் தலை முக்கியம்ட்டி. நீ போய் எடுத்துட்டு வா."

கயிற்றோரம் நின்ற சுடலையம்மாள்தான் இவளுக்கு இடம் கொடுத்தது. வ. புதுப்பட்டிக்காரி. வந்ததும் பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், பையிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சும் கொடுத்தாள்.

"எல்லாரும் தாயார எடுக்காக. நீ என்ன மாரிக்கனி, அந்த ஆளு மண்டையவே எடுத்துக்கிட்டிருக்க?"

"முகம் வேணும் ஆச்சி."

"நல்ல கதையா இருக்கே! பதினாறு வருசமா வாரேன். தேர் ஓடையில அவரு மூஞ்சிய நானே பாத்ததில்ல."

தேர் நெருங்கிவிட்டது. ஆண்டாளையும் சேர்த்துப் பிடிக்க இந்த லென்ஸ் போதாது. மாரிக்கனி பையைத் திறந்தாள், வைடு லென்ஸை மாட்டினாள், போலீஸ் கட்டிய கயிற்றுக்கு அடியில் குனிந்து வீதிக்குள் போய் ஒரு முழங்காலை ஊன்றினாள்.

ஆஹா! மேலே மாலையும் கிளியுமாக ஆண்டாள், கீழே சக்கரம், சக்கரத்துப் பக்கத்தில் சிவப்புத் துண்டு. எல்லாம் கண்ணாடிக்குள் அடங்கிவிட்டது!

இன்னும் கொஞ்சம் முன்னால் போகலாம். சக்கரம் எங்கேயோ தள்ளித்தானே இருக்கிறது.

வைடு லென்ஸில் எல்லாமே தள்ளித்தான் தெரியும். கிட்டே இருப்பதைத் தூரமாகக் காட்டும். தொழில் பழகினவள், அவளுக்குத் தெரியாதா? தெரியும். அந்தச் சந்தோசத்தில் மறந்துபோனாள்.

தலையைத் தூக்குங்க. ஒரே ஒரு தடவை. தூக்குங்களேன்.

தூக்கினார்.

கண்ணாடிக்குள் அந்த முகம் நேராக அவளைப் பார்த்தது. வாய் பெரிதாகத் திறந்தது. விரல் தானாகவே பொத்தானை அமுக்கியது.

"ஏட்டி கனி! பின்னால போ!"

கொட்டுச் சத்தத்தையெல்லாம் கிழித்துக்கொண்டு வந்தது அவர் குரல். அதே மூச்சில் கட்டை சக்கரத்துக்கு அடியில் போய் விழுந்தது. மரம் நொறுங்கியது. தேர் குலுங்கி, முனகி, நின்றது.

அவள் முழங்காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

சுடலையம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். "அறிவு இருக்காட்டி ஒனக்கு? படம் எடுக்க வந்தியா, படமாத் தொங்க வந்தியா?"

மாரிக்கனி திட்டு எதையும் காதில் வாங்கவில்லை. துப்பட்டா எப்போதோ அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. கேமராவைத் திருப்பிப் படத்தைப் பார்த்தாள்.

மேலே ஆண்டாள். கீழே, வேர்த்து ஒழுகி, பயத்தில் விரிந்த கண்ணோடு அவர். இரண்டு முகமும் தெளிவாக.

வீதியில் அவர் மறுபடியும் குனிந்துவிட்டார். புதுக் கட்டை கைக்கு வந்தது. வடம் இறுகியது. "கோவிந்தா!"

சுடலையம்மாள் படத்தை எட்டிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.

"ஆமா, ஒம்பேரு அவருக்கு எப்படித் தெரியும்?"

மாரிக்கனிக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது.

"எனக்குப் பேரு வச்சதே அவியதான், ஆச்சி."