மூக்குக் கனம்

இரண்டு விரலில் படகைத் தூக்கி நிறுத்திப் பார்த்ததும் சின்னவர் முகம் சட்டென்று மாறியது. சுற்றுமுற்றும் பார்த்தார். அவசரமாக மூடியைத் திறந்தார். கை பாக்கெட்டுக்கும் படகு மூக்குக்குமாக ஒரு தடவை போய் வந்தது. டேப் ஒட்டி மூடி, மறுபடி இரண்டு விரலில் ஏந்திப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார்.

திருட்டு முழி என்றால் அதுதான் திருட்டு முழி.

ரிமோட் படகுப் பந்தயம் என்று பேர்தான். நடந்தது குடும்பச் சண்டை. அக்காளைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். தோற்கிறவர் கிளப்பை விட்டே ஓடிவிட வேண்டும் என்று மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சவால் விட்டிருந்தார்கள்.

கடைசிச் சுற்றில், மூக்கு லேசான படகைக் கவிழ்த்துவிடும் எதிர்க்காற்று கிளம்பியது.

"இப்பப் பாருங்க, அவன் படகு குட்டிக்கரணம் போடும்!" என்றார் பெரியவர், சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு. பை ஒரு பக்கமாகத் தொங்கியது.

படகு கவிழவில்லை. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் சீறி வந்து முதலாவதாகக் கோட்டைத் தாண்டியது.

பெரியவர் நேராக நடுவரிடம் போனார்.

"செல்லாது சார்! மூக்குல இருக்கிற ஈயக் கட்டியைக் கழட்டிட்டு ஓட்டியிருக்கான். அதான் இந்த வேகம். ரெண்டு கிலோவுக்குக் குறையக் கூடாதுல்ல? நிறுங்க!"

"நீங்க பார்த்தீங்களா?"

"எல்லாருந்தான் பார்த்தாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி திருட்டுத்தனமா மூடியைத் திறந்தானா இல்லையா, கேளுங்க!"

சின்னவர் படகைக் கரையேற்றி நடுவரிடம் நீட்டினார். அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னங்க, வண்டிச் சாவியைக் குடுங்க. இந்த மனுஷன் நிக்கிற இடத்துல இனிமே ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்."

"கொஞ்சம் பொறு. தரேன்."

"பயந்து ஓடப் பார்க்கிறாங்க, விடாதீங்க சார்!" பெரியவர் கத்தினார். "கிளப்புல இருந்து இன்னிக்கே பேரை அடிச்சாகணும்!"

நடுவர் ஈரப் படகைத் துடைத்தார். தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தராசில் வைத்தார். எண்கள் ஓடி நின்றன.

இரண்டு கிலோ நாலு கிராம்.

"அதெப்படி?" பெரியவர் தராசு மேலேயே பாய்ந்தார். "அறுபது கிராம் குறையணுமே! மூக்குலதான் ஒண்ணுமே இல்லையே!"

குளக்கரையில் நின்ற எல்லாரும் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார் நடுவர்.

பெரியவரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

சின்னவர் நிதானமாக மூடியைத் திறந்தார். மூக்கில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து, உள்ளே இருந்த சாவிக்கொத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். பிறகு சகலை பக்கம் கையை நீட்டினார்.

"என் ஈயத்தைக் குடுங்கண்ணே."