அரியணைக்குக் குறுக்கே ஒரு பல் டாக்டர்

“ஒண்ணு போதுமா, ரெண்டா?” கிசுகிசுத்தாள் மனைவி. அவள் உள்ளங்கையில் நுணுக்கிய வெள்ளைத் தூள்.

“கனமான ஆளு. ரெண்டாவே போடு” என்றார் கணவர். “ஏம்மா, உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?”

“மருந்துக் கடையில வேலை பாக்குறது நீங்க, கேள்வி என்கிட்டயா? பேதி மாத்திரைக்கு யாருங்க செத்திருக்கா?”

சதி நடந்தது நாடக அரங்கின் ஒப்பனை அறையில். அரசனைக் கொன்று அரியணை ஏறி, கடைசியில் அழிந்துபோகும் சேனாதிபதியின் கதை. திரை விலக இன்னும் சற்று நேரம்தான். சேனாதிபதி வேஷம் வழக்கம்போல் பல் டாக்டருக்கு. அவர் வீர வசனம் பேசினாலும் ‘ஆ காட்டுங்க’ என்பது போலவே இருக்கும்.

கணவருக்கு வழக்கம்போல் வாயிற்காவலன். ஒரே வசனம், “யாரங்கே!” குழுவில் அதுவே அவருக்குப் பட்டப்பெயராகியிருந்தது.

நீங்கள்தான் சேனாதிபதியாக நடிக்க வேண்டும் என்று அவரை அரித்தெடுத்தவள் மனைவி. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவள். மொத்த நாடகமும் மனப்பாடம். ராணி வேஷம் கேட்டபோது, “உனக்கு ஆம்பளைக் குரல்மா” என்று இயக்குநர் சிரித்து அனுப்பிவிட்டார். அந்தக் குரலில் அவள் சேனாதிபதி வசனம் பேசிக் காட்டித்தான் அடுப்படியில் கணவருக்கு ஒத்திகை நடந்தது. கொலைக் காட்சிக்கு அவள் கரண்டியை ஓங்கியதும், அவர் நிஜமாகவே மிரண்டு பாத்திரங்களின் மேல் சாய்ந்தார்.

“டீ பிரமாதம், தங்கச்சி!” டாக்டர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கணவரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நீங்களும் குடிங்க. தொண்டை வறண்டுடப் போகுது” என்று அவரிடமும் ஒரு கோப்பையை நீட்டினாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார். இயக்குநர் தலையில் கைவைத்தார். “சனம் நிறைஞ்சு கிடக்கே! யாருக்குய்யா வசனம் தெரியும்?”

“எனக்குத் தெரியும் சார்.”

“யோவ் யாரங்கே, நீயா? சரி, மாட்டு!”

கவசம், அங்கி, ஒட்டு மீசை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே நடுங்கினார் கணவர். கழிப்பறையிலிருந்து டாக்டரின் முனகல் கேட்டது. கணவருக்குள்ளும் ஏதோ புரண்டது. மனசாட்சி என்று நினைத்தார். ஆனால் மனசாட்சி இவ்வளவு சத்தமாக உறுமாது.

அங்கியையும் கவசத்தையும் வழியிலேயே கழற்றி எறிந்துவிட்டு, டாக்டருக்கு அடுத்த கழிப்பறைக்குள் பாய்ந்தார்.

முதல் மணி அடித்தது. வெளியே இரும்பு குலுங்கும் ஓசை. யாரோ கவசத்தை வாரிப் பூட்டிக்கொள்கிறார்கள். பிறகு கதவு தட்டப்பட்டது. அடுப்படியில் கேட்ட அதே சேனாதிபதிக் குரல்:

“ஏங்க, அந்த மீசையைக் கதவுக்கடியில தள்ளுங்க.”