காலி அட்டை

ஜாபிர் கயிற்றைச் சுண்டாமல் படியேறி வந்தான்.

மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பர்மியப் பேட்டையில் ஐந்து மாடி ஏறுவதென்றால் சும்மாவா? பட்டப்பகலில் அவன் ஏறி வந்தால் யாராவது மவுத்தாகிச் சாவுச் சேதி வந்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் கயிறு இருக்கிறது.

பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் கயிறு. மேலே ஒரு மணி, கீழ் நுனியில் ஒரு கிளிப். கீழேதான் அவனுடைய மருந்துக் கடை. சாமானைக் கிளிப்பில் மாட்டிச் சுண்டினால் மேலே மணி அடிக்கும். வீட்டில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். இந்தத் தெருவில் பாதிக் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது.

"என்ன மச்சான், கடைய யாரு பாக்குறா?" என்றாள் அவன் பெண்டாட்டி தஸ்லீமா, அடுப்படியிலிருந்தே.

யாரும் பார்க்கவில்லை. பூட்டிவிட்டு வந்திருந்தான்.

அமெரிக்காவில் இருக்கும் அவனுடைய லாத்தா, கூடப் பிறந்த மூத்தவள் நூருன்னிசா, காலையில் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாய் காய்ச்சலுக்கும் வலிக்கும் போடும் மாத்திரை சாப்பிட்டதால்தான் அது பேச்சு வராமல், யாரோடும் ஒட்டாமல் வளர்கிறது என்று அங்கே நிறைய பேர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்களாம். ஆமாம் என்கிறவர்களும் உண்டாம். அப்படி ஒன்றும் நிரூபணமாகவில்லை என்கிறவர்களும் உண்டாம். நம்ம பிள்ளை ஜஸீலாவுக்காகவும் விசாரித்துப் பார்க்கிறேன், தஸ்லீமா அந்த மாத்திரை சாப்பிட்டாளா என்று மட்டும் சொல்லு என்று முடித்திருந்தாள்.

சாப்பிட்டாளாவா! கொடுத்ததே அவன்தானே.

அப்போது தஸ்லீமாவுக்கு ஆறாம் மாசம். அடைமழை. ஐந்து நாள் காய்ச்சல், உடம்பு அனலாய்க் கொதித்தது. ஊரே படுத்துக் கிடந்ததால் கடையில் நிற்க இடமில்லை. ஜாபிர் வேளாவேளைக்கு ஒரு மாத்திரையை அட்டையோடு வெட்டி, கிளிப்பில் மாட்டி, மணி அடித்தான். மருந்துக் கடைக்காரன் புத்தி லேசில் விடுமா? காலி அட்டை கீழே வந்தால்தான் அடுத்தது மேலே போகும் என்று சட்டம் போட்டான்.

ஒரு வேளைகூடத் தவறாமல் காலி அட்டை வந்தது. அவனுக்கு அன்றைக்கு அதில் எவ்வளவு பெருமை!

இப்போது ஜஸீலாவுக்கு எட்டு வயது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசிவிட்டால் வீட்டில் பெருநாள்தான். சோறு நீலத் தட்டில்தான் வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு மணி மூன்று தடவை அடித்தே ஆக வேண்டும். கீழேயிருந்து வாப்பா வடை அனுப்பும் நேரம் அது. ஒன்று மாறினாலும் வீடு இரண்டுபடும்.

ஜாபிர் எல்லாவற்றையும் கொட்டினான். நான்தான் கொடுத்தேன், நான்தான் கட்டாயப்படுத்தினேன், பிள்ளையைக் கெடுத்தது நான்தான் என்று தேம்பினான். தஸ்லீமா இனிமேல் தன் முகத்தில் விழிக்கவே மாட்டாள் என்று நினைத்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"நான் அதுல ஒண்ணக்கூட முழுங்கல மச்சான்."

எந்த மருந்தும் பிள்ளையைத் தொடக்கூடாது என்று ஐந்து நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளாம். மாத்திரை எல்லாம் மூன்றாம் மாடி வேலம்மா அக்காவின் முட்டி வலிக்குப் போய்ச் சேர்ந்ததாம். எப்படிப் போனது என்று கேட்க ஜாபிருக்கு அப்போது தோன்றவில்லை.

ஏனென்றால் தஸ்லீமா அழ ஆரம்பித்திருந்தாள். மூன்று வயதாகியும் ஜஸீலா உம்மா என்று கூப்பிடாதபோதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்ததாம். மாத்திரையை விழுங்கியிருந்தால் காய்ச்சல் இறங்கியிருக்கும், அந்தச் சூடுதான் பிள்ளையைத் தாக்கிவிட்டது என்று. மணியடித்து மணியடித்து அனுப்பினேனே, ஏண்டி முழுங்கவில்லை என்று அவன் கேட்டுவிடுவானோ என்று வாயே திறக்கவில்லை.

அவனுக்குக் காலையிலிருந்துதான் இந்தப் பாரம். அவளுக்கு ஐந்து வருஷமாக.

யா அல்லா, ஒரே வீட்டில் இருந்துகொண்டு! ஜாபிர் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே மனசில்லை.

"அப்ப யாரு மேலதான் கேஸ் போடுறது மச்சான்?" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தார்கள்.

அதற்குள் ஜஸீலா வந்து நின்றாள். பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாப்பா இங்கே உட்கார்ந்திருந்தால் கீழேயிருந்து மணி அடிப்பது யார்? அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்துப் படிவரை தள்ளிக்கொண்டு போனாள்.

"மணி" என்றாள், கண்டிப்பாக.

கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கினான். எதிர்த்த வண்டியில் இரண்டு வடை வாங்கி, காகிதத்தில் சுற்றி, கிளிப்பில் மாட்டி, மூன்று தடவை சுண்டினான்.

மற்ற நாளாக இருந்தால் அப்படியே கடைக்குள் போய்விடுவான். கொஞ்ச நேரத்தில் காலிக் காகிதம் கிளிப்பில் இறங்கி நிற்கும். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொள்வான். இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. தெருவிலேயே நின்று அண்ணாந்தான்.

பொட்டலம் மேலே போனது. ஜஸீலா அதை எடுத்து மோந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அதைப் பிரிக்காமல் மறுபடி கிளிப்பில் மாட்டி, கயிற்றைக் கீழே விட்டாள்.

மூன்றாம் மாடியில் கயிறு நின்றது.

பால்கனியிலிருந்து ஒரு வளையல் கை நீண்டு வடைகளை எடுத்துக்கொண்டது. காலிக் காகிதத்தைப் பக்குவமாக மடித்துக் கிளிப்பில் திருப்பி மாட்டியது. பின்னாலேயே வேலம்மா அக்காவின் முகமும் எட்டிப் பார்த்தது, வாய் நிறைய வடையோடு.

கயிறு ஜாபிரின் கைக்கு வந்து சேர்ந்தது.

நடுத்தெருவில் நின்றபடியே போனை எடுத்து லாத்தாவுக்குப் பேசி அனுப்பினான். சிரிப்பில் பாதி வார்த்தை விழுங்கிப்போனது.

"கேஸெல்லாம் வேணாம் லாத்தா. புள்ள அவ உம்மாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கு."