ஏணி தூக்க வந்தவர்

கதவைத் திறந்த ஷண்முகப்ரியா, ஏணியோடு நின்ற ஆளைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தாள்.

"ஏசி சர்வீஸ்தானே? பெட்ரூம்ல. கூலிங் நல்லா இருக்கு, ஆனா தண்ணி சொட்டுது. வர்றவங்க எல்லாம் கழுவிட்டுப் போறாங்க, கொஞ்ச நாள்ல மறுபடியும் சொட்டுது. நான் குடிவந்ததுலேர்ந்து இதே ரோதனை. நீங்களாவது சரியா பாருங்க."

அந்த ஆள் ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

"என்கிட்ட சொல்லாதீங்க மேடம். மெக்கானிக் இவங்கதான். நான் ஏணி தூக்க வந்தவன்."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். தலையில் துப்பட்டா, தோளில் டூல்ஸ் பை.

"என் பேரு மஹ்விஷ், மேடம். போன்ல பேசினது நான்தான். இவரு எங்க வீட்டுக்காரரு."

"அவருக்கு இந்த வேலை தெரியாதா?"

"தெரியாதுங்க" என்று அவரே முந்திக்கொண்டார்.

மஹ்விஷ் அவரைச் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"கூடமாட நின்னு கத்துக்கினேன் மேடம். தனியா பண்றது இதான் முதல் வீடு."

ஷண்முகப்ரியாவின் முகம் சுருங்கியது. திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

"சரி, பாரு. நல்லா இருந்தா எங்க அபார்ட்மென்ட் குரூப்ல நானே போடறேன். அபிராமபுரத்துல இந்த ஒரு பில்டிங்கைப் பிடிச்சா போதும், வருஷம் பூரா உனக்கு வேலை இருக்கும். ஆனா சொட்டிச்சுன்னா, அதையும் போடுவேன்."

மஹ்விஷ் ஏணியில் ஏறினாள்.

மூடியைக் கழற்றினாள். கீழே பிளாஸ்டிக் ஷீட் கட்டினாள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததும் கறுப்பு கறுப்பாக அழுக்கு பக்கெட்டில் இறங்கியது.

புருஷன்காரர்? ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணவறையில் மாப்பிள்ளைகூட இவ்வளவு சொகுசாக உட்கார மாட்டார்.

"ஏங்க, அந்தப் பக்கெட்டையாவது எடுத்துக் கொட்டக் கூடாதா?"

உடனே எழுந்தார். ஏசி பக்கம் தலையைத் திருப்பாமலே பக்கெட்டை எடுத்துப் போய்க் கொட்டினார். திரும்பி வந்து அதே ஸ்டூல், அதே காலண்டர்.

மஹ்விஷ் மூடியை மாட்டி ஏசியை ஓடவிட்டாள். அறை குளிர ஆரம்பித்தது. அப்பாடா என்று அவள் கீழே இறங்கும்போது, சொட்.

இன்னொரு சொட்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. புருஷனைப் பார்த்தாள். அவர் விருட்டென்று எழுந்தார். ஒரு எட்டு வைத்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்து கைகளைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார்.

ஷண்முகப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொண்டாட்டி தவிச்சுப்போய் நிக்கறா, நீங்க வேடிக்கை பாக்கறீங்க! ஏணியில ஏறவும் அவ, சம்பாதிக்கவும் அவ. வெக்கமா இல்ல?"

"நான் தொட்டா கெட்டுடும் மேடம்" என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

மஹ்விஷ் அதற்குள் பால்கனிக்குப் போயிருந்தாள். சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் தண்ணீர்க் குழாயைக் கையாலேயே தடவிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் கை நின்றது.

"மேடம், இங்க வாங்க! குழாய் வெளிய வர்ற எடத்துல மேடா கீது பாருங்க. தண்ணி ஏற முடியாம தேங்கி, பாசி பிடிச்சு, உள்ளயே திரும்பி வந்துடுது. எத்தினி தபா கழுவினாலும் சொட்டத்தான் செய்யும். மாட்டும்போதே பண்ண தப்பு."

"எந்த மடையன் மாட்டினானோ!"

ஸ்டூலில் இருந்தவருக்கு இருமல் வந்தது.

மஹ்விஷ் குழாயை அறுத்து, சரிவாகத் திருப்பி, கிளிப் போட்டாள். உள்ளே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தங்குதடையில்லாமல் பால்கனிப் பக்கம் கொட்டியது. ஏசியை மறுபடி ஓடவிட்டு, அதற்குக் கீழேயே நின்று ரொம்ப நேரம் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

ஷண்முகப்ரியா அங்கேயே நின்று குரூப்பில் தட்டினாள். "போட்டாச்சு! இனிமே இந்த பில்டிங்குக்கு நீதான்."

மஹ்விஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

வாசல்வரை வந்த ஷண்முகப்ரியா, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதாக இல்லை.

"சும்மா உக்காந்திருக்காம, இவகிட்ட நீங்களும் கொஞ்சம் வேலை கத்துக்கங்க."

"கத்துக்கறேன் மேடம்." வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சூடு சொரணையே கிடையாது போலிருக்கிறது.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரர் கணேசமூர்த்தி எட்டிப் பார்த்தார்.

"அட, காஷிஃப் பாய்! பாத்து எவ்ளோ நாளாச்சு! இந்தம்மா வீடு, எங்க வீடு, இந்த மாடியில எல்லா ஏசியும் நீங்க மாட்டினதாச்சே! உங்களை மாதிரி மெக்கானிக் இப்பல்லாம் யார் இருக்கா? உள்ள வாங்க, எங்க வீட்டு ஏசியையும் உங்க கையால ஒரு தரம் பாத்துடுங்க."

கதவைச் சாத்தப்போன ஷண்முகப்ரியாவின் கை அப்படியே நின்றது.

மஹ்விஷும் திகைத்துப்போய்ப் புருஷனைப் பார்த்தாள். "அந்தக் குழாய்... நீங்க வெச்சதா?"

காஷிஃப் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் பெருமை பொங்கியது.

"என்கிட்ட சொல்லாதீங்க சார். நான் பண்ண தப்பையே கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டாங்க. மெக்கானிக் இவங்கதான். நான் ஏணி தூக்க வந்தவன்."